துரையின் இருபத்துநாலு மணி நேரம்

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு வீட்டில் பெரிய மரியாதை கிடையாது. இதை அவரே ஒத்துக்கொள்வார். வெளியில் கதை வேறு. காலை ஒன்பது மணிக்குக் கறுப்புப் பையோடு அவர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் எழுந்து நிற்பார், குடியிருப்போர் சங்கச் செயலாளர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வருவார். மொட்டைமாடிக்கு ஏறி, மெஷின் ரூமுக்குள் குனிந்து நுழைந்து, கம்பி வடத்தைத் தடவிப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த லிஃப்டில் ஆள் ஏறலாம். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை.

அந்த வேலையில் அவருக்கென்று ஒரு தனித்திறமை உண்டு. பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்ததுமே அது உண்மையா கதையா என்று சொல்லிவிடுவார். மாதாமாதம் எழுத வேண்டியதைச் சில இடங்களில் அவர் வருகிற அன்று காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி வைப்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். அவர் எதுவும் பேசமாட்டார். பதிவேட்டைத் திறந்தபடி மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் இருப்பவரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் எத்தனையோ செயலாளர்கள் வியர்த்திருக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி அதே பார்வையை வீட்டில் ஓரிரு முறை பார்த்துவிட்டு, "என்னங்க, வயிறு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

துரை அவர் வீட்டுக்கு வந்த விதமும் பெருமைப்படும்படி இல்லை. ஒரு கட்டடத்தில், இந்த லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளே அவரும், ஒரு கூடை நிறைய டாபர்மேன் குட்டிகளோடு ஒரு பெண்மணியும். நாற்பது நிமிஷம். அதில் ஒரு குட்டி கூடையிலிருந்து இறங்கி அவர் காலணிமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. மெக்கானிக் கதவைத் திறந்தபோது இன்ஸ்பெக்டர் அந்தக் காலை நாற்பது நிமிஷமாக அசைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் நடை, நிமிர்ந்த கழுத்து, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத தோரணை எல்லாவற்றையும் பார்த்து மனைவிதான் துரை என்று பெயர் வைத்தார்.

துரையோடு ஒரு வம்சாவளிச் சான்றிதழும் வந்தது. நான்கு தலைமுறை, முப்பது பெயர்கள். இன்ஸ்பெக்டர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். தன் தாத்தாவின் அப்பா பெயர் கேட்டால் அவர் விழிப்பார். துரையின் கொள்ளுத்தாத்தா எந்த வருஷம் எந்தக் கண்காட்சியில் முதலாவதாக வந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். வீட்டுக்கு யார் வந்தாலும், மீட்டர் பார்க்க வந்தவர் உட்பட, அந்தச் சட்டத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் நின்றே தீர வேண்டும்.

மூன்று வயதில் துரைக்கு ஒரு தடவை இணை சேர்த்தார்கள். பெண் நாய் அவருடைய அலுவலகத்தின் ஸ்டோர் கீப்பருடையது. ஆறு குட்டிகள். அன்றிலிருந்து ஸ்டோர் கீப்பரை அவர் ஊழியர்கள் எல்லார் முன்னாலும் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டார். அவரும் பதிலுக்குச் சம்பந்தி என்றார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த டைப்பிஸ்ட் இவர்கள் நிஜமான உறவுக்காரர்கள் என்று நினைத்து ஆறு மாதம் மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

துரைக்கு ஐந்து வயதானபோது பல் டாக்டரம்மா வந்தார். அவரிடம் நல்ல ஜாதிப் பெண் டாபர்மேன் ஒன்று இருந்தது. யாரோ சொல்லித் துரையைப் பார்க்க வந்திருந்தார். வந்ததும் சான்றிதழைப் பார்க்கவில்லை. நேராகத் துரையின் வாயைத் திறந்து பல்வரிசையைப் பார்த்தார். முதுகைத் தடவினார், நடக்கவிட்டுப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் தகப்பனைப்போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நல்லா இருக்கான். ஹார்ட் ரிப்போர்ட் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

"யாரோடது?"

"இவனோடதுதான். உங்களோடதை நான் எதுக்குங்க கேக்கப் போறேன்?"

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். இந்த இனத்தில் நிறைய நாய்களுக்கு இதயத் தசை மெல்ல மெல்லப் பலவீனமாகும் வியாதி இருக்கிறது, பரம்பரையாக வருகிறது. வெளியில் எதுவும் தெரியாது, நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கிற நாய் ஒருநாள் சட்டென்று விழுந்துவிடும். அதனால் இணை சேர்ப்பதற்கு முன் எக்கோ ஸ்கேனும், துடிப்பைப் பதிவு செய்யும் இருபத்துநாலு மணி நேர ரெக்கார்டரும் வைத்துப் பார்க்க வேண்டும், வருஷா வருஷம். தன் நாய்க்கு இரண்டு வருஷமாகப் பார்க்கிறார், சுத்தமாக இருக்கிறது.

"எங்க பரம்பரையில அதெல்லாம் கிடையாதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். எங்க என்ற சொல் அவர் வாயில் அவ்வளவு இயல்பாக வந்தது.

"பாத்திருக்கீங்களா?"

"பாக்கலை. ஆனா அவனைப் பாருங்களேன், கல்லு மாதிரி இருக்கான்."

"பாக்காம எப்படிங்க சொல்றீங்க?"

இந்தக் கேள்வியை இன்ஸ்பெக்டர் வாரத்துக்கு நாலு கட்டடத்தில் நாலு செயலாளரிடம் கேட்கிறார். கடைசி எழுத்துவரை இதே கேள்வி. சமையலறை வாசலில் நின்ற மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டார். சிரிப்பதற்குத்தான் போனார் என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

நாய்களுக்கான இதய மருத்துவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். மெல்லிய குரல், சதா குளிர்ந்த கை. அவருடைய அறையில் ஒரு விசித்திரமான மேஜை இருந்தது. நடுவில் பெரிய ஓட்டை. துரையை அதன்மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஓட்டை வழியாகக் கீழிருந்து கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். துரையின் தலையை இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்தே பழகிய மனுஷர், அதையும் அப்படியே பார்த்துவிட்டு, "வால்வு நல்லா மூடுது டாக்டர்" என்று கருத்துச் சொன்னார்.

"அதை நான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

ஆனால் எக்கோ நன்றாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்தது ரெக்கார்டர். துரையின் நெஞ்சில் இருபக்கமும் முடியை மழித்து வில்லைகளை ஒட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவியைப் பொருத்தி, மேலே இறுக்கமான மேலங்கி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். கூடவே கட்டம் போட்ட ஒரு தாள்.

"நாளைக்கு இதே நேரம் வரைக்கும் இருக்கணும். வழக்கமா என்ன செய்வானோ அதையே செய்யட்டும். ஓடுவான்னா ஓடட்டும், குலைப்பான்னா குலைக்கட்டும். எத்தனை மணிக்கு என்ன செஞ்சான்னு அப்பப்ப இதுல எழுதுங்க. ஒண்ணும் மாத்திடாதீங்க."

இன்ஸ்பெக்டர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வந்து எல்லாவற்றையும் மாற்றினார். இரண்டு நாள் விடுப்புப் போட்டார். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கினார். திரைச்சீலையை இழுத்து மூடினார். மனைவியிடம் மிக்ஸியைத் தொடாதே என்றார். துரை பந்தைக் கவ்விக்கொண்டு வந்து நின்றதும் பந்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அவருடைய கணக்கு இதுதான்: நாய் அமைதியாக இருந்தால் இதயமும் அமைதியாக இருக்கும், சோதனையில் தேறிவிடும். துரை கொஞ்ச நேரம் அவரை உற்றுப் பார்த்தது. பிறகு, இவருக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று முடிவு செய்ததுபோல அவர் காலடியிலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

மறுநாள் காலை டாக்டரிடம் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்புதான் அந்தத் தாளின் ஞாபகம் வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். மாலை 4.15, கேஸ் சிலிண்டர்காரரைப் பார்த்துக் குலைத்தது. 4.20, பூனையைப் பார்த்து உறுமியது. 5.30, மைதானத்தில் எட்டுச் சுற்று ஓட்டம். காலை 6.30, மறுபடி நடை. எழுத எழுத அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

"எந்தப் பூனைங்க?"

"பொதுவா ஒரு பூனை."

இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். கணினித் திரையில் கோடுகள். பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் தாள்.

"அஞ்சரை மணிக்கு எட்டு ரவுண்டு ஓடினான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. எட்டு, ஒன்பதுகூட இருக்கும்."

"அப்ப துடிப்பு நிமிஷத்துக்கு அறுபத்து மூணு. இது நல்லாத் தூங்குற நாயோட துடிப்பு." டாக்டர் கோட்டை நகர்த்தினார். "பூனையைப் பாத்து உறுமினப்பவும் தூங்கிட்டுத்தான் இருந்திருக்கான். சிலிண்டர்காரர் வந்துட்டுப் போனதே அவனுக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தபோது இன்ஸ்பெக்டருக்கு ஒன்று மட்டும் உறுதியாயிற்று. இந்தப் பார்வைக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை. அதை மனைவியிடம் சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை.

"இதுல பிரச்சினை என்னன்னா," என்றார் டாக்டர் மெதுவாக, "நடுநடுவுல முறை தப்பின துடிப்பு வருது. ஒரு நாளைக்கு அம்பதுக்குள்ள இருந்தா நான் கவலைப்பட மாட்டேன். முந்நூறைத் தாண்டினா வியாதின்னு சொல்லிடுவேன். இவனுக்குத் தொண்ணூத்தாறு. அதுவும் நாள் பூராத் தூங்க வச்சே தொண்ணூத்தாறு. மறுபடி எடுக்கணும். இந்தத் தடவை வேற யாராவது எழுதட்டும்."

இரண்டாம் முறை மனைவி எழுதினார். நூலக அட்டைகள் எழுதிப் பழகிய குண்டு குண்டான கையெழுத்து. அந்தத் தாளின் நகல் இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. காலை 7.10, அவர் தன் செருப்பைத் தேடினார். 7.15, நாயைத் திட்டினார். 7.25, செருப்பு அவர் வண்டியிலேயே கிடைத்தது. 7.26, நாயிடம் மன்னிப்புக் கேட்டார். நாய் வாலாட்டியது. மாலை 5.40, மைதானம். நாய் ஒன்பது சுற்று, அவர் ஒன்றரை. 5.55, அவர் பெஞ்சில். நாய் நலம்.

டாக்டர் அதைப் படித்து முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. முறை தப்பிய துடிப்பு நானூற்றுப் பன்னிரண்டு.

"மெஷின் தப்பா எண்ணியிருக்குமா டாக்டர்?"

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சீப்பின் பல்போல ஒரே சீராக வந்துகொண்டிருந்த கோடுகளின் நடுவில் திடீரென்று ஒன்று அகலமாக, கோணலாக, ஒட்டாமல் நின்றது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. இன்ஸ்பெக்டருக்குக் கம்பி வடங்கள் தெரியும். வெளியே எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு இழை அறுந்திருக்கும். இனி நம்ப மறுப்பதற்கு அவருக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

"ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம், அது நல்லது" என்றார் டாக்டர். "எக்கோ இன்னும் நல்லாத்தான் இருக்கு. மாத்திரை கொடுக்கலாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கலாம். பழையபடி நடக்கட்டும், விளையாடட்டும். ஆனா இனி இவனை இணை சேர்க்காதீங்க."

துரை கதவருகே நின்று, எப்போது கிளம்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. மழித்த இடத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை. அதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். அறையில் ஏசி அதிகம் என்று சொல்லிச் சமாளித்தார்.

பல் டாக்டரம்மாவிடம் முதலில் சொன்னார். ஏதாவது இடித்துரைப்பார் என்று எதிர்பார்த்தார். அவரோ, "பாத்தீங்களே, அதுக்கே நன்றி. நிறையப் பேர் பாக்கவே மாட்டாங்க" என்றார். பிறகு, "இவனுக்கு முன்னாடியே குட்டிங்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஆறு."

"அவங்ககிட்ட சொல்லிடுங்க. எல்லாருக்கும் வரும்னு இல்லை. ஆனா பாக்கணும். முக்கியமா, அதுங்களை வச்சு யாரும் மறுபடி குட்டி எடுக்கறதுக்குள்ள."

நாலு நாள் அவர் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஸ்டோர் பக்கம் போகாமல் பின்படி வழியாக ஏறி இறங்கினார். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் படியேறுகிறாரே என்று எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் மாலை மனைவியிடம் பேச்சைத் தொடங்கினார்.

"நாம சொல்லலைன்னா நம்மள யாரு கேக்கப் போறா, சொல்லு."

"யாரும் கேக்கமாட்டாங்க" என்றார் மனைவி, காய்ந்த துணிகளை மடித்தபடி.

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு நாளைக் கடத்தியிருக்கலாம். துணிகள் ஒவ்வொன்றாக மடிந்து அடுக்காகிக்கொண்டிருந்தன. கடைசித் தலையணை உறையை மடிக்கும்போது இன்ஸ்பெக்டர் எழுந்து, "நாளைக்குக் காலையில சொல்லிடுறேன்" என்றார்.

ஸ்டோர் கீப்பர் உருளைகளும் பல்சக்கரங்களும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு வெகு நேரம் ஒரு உருளையைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"இதை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"அப்ப எனக்கே தெரியாதுப்பா."

"பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்ல."

ஸ்டோர் கீப்பர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, குட்டிகள் போன ஆறு வீடுகளின் போன் எண்களையும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "இந்தாங்க சார்" என்றார். அந்தச் சாருக்கு இன்ஸ்பெக்டர் தயாராக இருக்கவில்லை. சம்பந்தி என்ற சொல் திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று.

போன் பேசுவதற்கு அவர் ஒரு உரையையே தயாரித்திருந்தார். சத்தியம், பொறுப்பு, வருங்காலத் தலைமுறை என்று பெரிய பெரிய வார்த்தைகள். கேட்பவர்கள் நெகிழ்ந்து, உங்களை மாதிரி ஒரு மனுஷரைப் பார்ப்பது அபூர்வம் என்று சொல்வார்கள் என்று ஒரு ரகசிய எதிர்பார்ப்பும் இருந்தது. முதல் வீட்டுக்காரரிடம் சௌக்கியம் விசாரித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்காவது உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். பத்தாவது நிமிஷம், "எங்க வீட்ல எல்லாருக்கும் ஏற்கெனவே பாலிசி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் போனை வைத்துவிட்டார்.

இரண்டாவது வீட்டம்மா அழுதார். மூன்றாமவர் நன்றி சொல்லி டாக்டரின் விலாசத்தைக் குறித்துக்கொண்டார். நான்காமவர் போட்ட கூச்சலில் இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். "தெரிஞ்சேதான எங்க தலையில கட்டினீங்க" என்றார் அவர். தெரியாமல்தான் கட்டினோம் என்று சொல்லும்போதே அது ஒரு சமாதானமே இல்லை என்று இவருக்குப் புரிந்தது. ஐந்தாம் வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போயிருந்தார், எண் மாறிவிட்டது. ஆறாமவர், "சரி" என்றார். அவ்வளவுதான். யாரும் அவரை அபூர்வ மனுஷர் என்று சொல்லவில்லை. முதலாமவரை மறுபடி கூப்பிட்டு, பாலிசிக்காரன் இல்லை என்று நிரூபிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

ஆறில் நான்கு நாய்களுக்குச் சோதனை நடந்தது. மூன்றில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஒன்றுக்குத் துரையைப் போலவே ஆரம்ப நிலையில் இருந்தது, மாத்திரை தொடங்கினார்கள். முதல் ஆளாகப் போய்ச் சோதனை செய்தது கூச்சல் போட்டவர்தான். ரிப்போர்ட் சுத்தம் என்று போன் செய்து, அதையும் கூச்சலாகவே சொன்னார்.

துரைக்குக் கருத்தடை செய்தார்கள். காலையும் மாலையும் மாத்திரை. அதை வாழைப்பழத்துக்குள் ஒளித்து வைத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பும். மனைவி கொடுத்தால் மட்டும் எதிர்ப்பில்லாமல் விழுங்கும். கூடத்துச் சான்றிதழைக் கழற்றிவிடலாமா என்று இன்ஸ்பெக்டர் யோசித்தார். கடைசியில் சட்டத்தைப் பிரித்து, துரையின் பெயருக்குக் கீழே தேதியும் நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணும் எழுதி மறுபடி மாட்டினார். இப்போது வருகிறவர்கள் அதன் முன்னால் இரண்டு நிமிஷம் அல்ல, பத்து நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது.

இது வீட்டோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மைதானத்துக்கு யார் நல்ல ஜாதி நாயைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் இவர் போய் நிற்பார். "ஹார்ட் பாத்தாச்சா?" முதலில் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். பிறகு தூரத்தில் இவர் தலை தெரிந்ததுமே நாயை இழுத்துக்கொண்டு அடுத்த வாசல் வழியாக வெளியேறினார்கள். அவர்கள் தனக்கு நானூத்திப் பன்னிரண்டு என்று பட்டப்பெயர் வைத்திருப்பது அவர் காதுக்கும் வந்தது. ஆத்திரப்படலாமா என்று பார்த்தார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் இரண்டு பேர் பின்னால் தனியாக வந்து டாக்டரின் எண்ணைக் கேட்டார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு மதியம் பல் டாக்டரம்மா போன் செய்தார். கொஞ்சம் கிளினிக் வரைக்கும் வர முடியுமா என்று மட்டும் கேட்டார். அவர் குரல் வழக்கம்போல இல்லை.

டாக்டரம்மா துரையின் இடத்தில் வேறொரு ஆண் நாயை, சோதனைகள் எல்லாம் செய்த ஒன்றை, தேடிப் பிடித்து இணை சேர்த்திருந்தார். ஏழு குட்டிகள், ஏழு வீடு. இந்த வருஷச் சோதனையில் அவருடைய பெண் நாய்க்கே முறை தப்பிய துடிப்பு முந்நூற்று நாற்பது வந்திருந்தது.

"போன வருஷம் வரைக்கும் சுத்தமா இருந்துச்சு. எல்லாம் பாத்துத்தான செஞ்சேன்."

"டாக்டர் சொன்னாருங்க, இது வயசு ஏற ஏறத்தான் தலைகாட்டுமாம். நீங்க பாத்தப்ப இல்லை. இப்ப இருக்கு. உங்க மேல தப்பில்லை." சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் யோசித்தார். "என்மேல இருந்துது. உங்கமேல இல்லை."

டாக்டரம்மா மேஜைமேல் ஏழு பேர் கொண்ட பட்டியலை வைத்திருந்தார். பக்கத்தில் போன். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது.

"நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் வெயிலைப் பற்றிப் பேசியதையும் பாலிசியையும் சொன்னார். டாக்டரம்மா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தன் மூக்குடைந்த கதை இவ்வளவு பயன்படும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்ததில்லை.

"பேரைச் சொல்லுங்க, அடுத்த வரியிலயே விஷயத்தைச் சொல்லிடுங்க" என்றார் அவர். "மன்னிப்பை முன்னாடி வைக்காதீங்க, பயந்துடுவாங்க. டாக்டர் நம்பரைக் கையில வச்சுக்கங்க. கத்தினாங்கன்னா கத்த விடுங்க. கத்துறவங்கதான் முதல்ல டெஸ்டுக்குப் போவாங்க."

"நீங்க கொஞ்ச நேரம் இருக்கீங்களா?"

உட்கார வேறு நாற்காலி இல்லாததால் இன்ஸ்பெக்டர் நோயாளி நாற்காலியிலேயே ஏறிச் சாய்ந்துகொண்டார். டாக்டரம்மா முதல் எண்ணை அழுத்தினார். பேர், அடுத்த வரியில் விஷயம். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது வீட்டுக்காரர் போட்ட சத்தம் நாற்காலிவரை கேட்டது. டாக்டரம்மா இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஐந்தும் ஆறும் முடிந்தன. ஏழாவது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டாக்டரம்மா போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாதியை அதன் மூடியில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு மறுபடி அந்த எண்ணைப் போட்டார்கள்.